பச்சை போச்சு, பால் வந்துச்சு

நீச்சல் குளம் பச்சையாயிட்டா பயமே இல்லைங்க. யாரும் கால் வைக்க மாட்டாங்க. அம்மாக்கள் பசங்களைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுவாங்க. மருந்து போட்டு பச்சை போன மறுநாள் குளம் சோறு வடிச்ச கஞ்சி மாதிரி வெளுப்பா நிக்கும் பாருங்க, எனக்கு அதுதான் பயம். "அதான் பச்சை போயிடுச்சே, தொறந்துடலாமே சார்"னு ஆரம்பிச்சிடுவாங்க.

2011 ஜூன் கடைசியில, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஃபால் ரிவர்ங்கற ஊர்ல, அரசு நடத்தற பொது நீச்சல் குளத்துல 36 வயசுப் பெண்மணி ஒருத்தர் மூழ்கிட்டாங்க. குளம் 12 அடி ஆழம், தண்ணி கலங்கல். காவலுக்கு ஆள் இருந்தும் யாருக்கும் தெரியலை. ரெண்டு நாள் அவங்க உடம்பு அடியிலயே கிடந்திருக்கு. ஜனங்க மேல நீந்திட்டு இருந்திருக்காங்க. இதைப் படிச்சதுலேர்ந்து கலங்கின குளத்தைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும்.

சரி, எங்க கதைக்கு வர்றேன். சென்னையில எங்க அபார்ட்மெண்ட் குளம் 50 அடி நீளம், 24 அடி அகலம். ஆழம் மூணரையிலேர்ந்து அஞ்சரை அடி. கணக்குப் போட்டா சுமார் 1.5 லட்சம் லிட்டர். மே மாசத்துல மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. ரீவைண்டிங் எடுத்துட்டுப் போன ஆள் "நாளைக்கு சார், நாளைக்கு சார்"னு ஒன்பது நாள் ஓட்டிட்டார். மே மாச வெயில், அசையாத தண்ணி, தீர்ந்துபோன குளோரின். பாசிக்கு வேறென்ன வேணும்? விருந்து வெச்சுக் கூப்பிட்ட மாதிரிதான்.

சங்கக் கூட்டத்துல ரெண்டே கட்சி. ஒண்ணு, 'மொத்தத் தண்ணியும் வெளியே தள்ளு, லாரி கூப்பிடு' கட்சி. இன்னொண்ணு, 'மயில்துத்தம் போட்டு ஞாயித்துக்கிழமை தொறந்துடு, பசங்க நீச்சல் கிளாஸ் ஃபீஸ் கட்டியாச்சு' கட்சி.

முதல் கட்சிக்குக் கணக்கு சொன்னேன். 12,000 லிட்டர் லாரின்னா 13 லாரி. அதுவும் கோடையில. 2019 ஜூலையில ஜோலார்பேட்டையிலேர்ந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி வந்தது ஞாபகம் இருக்கா? 50 டேங்கர் வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த வருஷம் குடத்தோட தெருவுல நின்ன ஊர் இது. விளையாடற தண்ணியைக் கொட்டிட்டு வேற வாங்க மனசு வரலை.

ரெண்டாவது கட்சிக்கு மயில்துத்தம் பத்தி சொன்னேன். அதுல இருக்கற தாமிரம் பாசியைக் கொல்லும், நிஜம்தான். ஆனா செத்த பாசி எங்க போகும்? அங்கேயேதான் மிதக்கும். தாமிரமும் தண்ணியிலயே தங்கி, டைல்ஸ்ல கறை போடும். கிருமியைக் கொல்ல எப்படியும் குளோரின் வேணும். அதைச் சரியா போட்டாலே பாசி போயிடும்.

எப்படிப் போடறதுங்கறதுலதான் விஷயம் இருக்கு. முதல்ல பி.எச். பாக்கணும். எங்களுது 8-க்கு மேல இருந்துச்சு. பி.எச். ஏற ஏற குளோரின்ல கொல்ற பகுதி குறைஞ்சுடும். 7.5-ல பாதிக்குப் பாதி, 8-ல கால்வாசிதான். அதனால ஆசிட் விட்டு 7.2-க்கு இறக்கினோம். இதைக் குளோரின் போடறதுக்கு முன்னாடியே செஞ்சுடணும். குளோரின் எக்கச்சக்கமா இருக்கும்போது பி.எச். டெஸ்ட் பொய் சொல்லும்.

அடுத்தது சயனூரிக் ஆசிட். ட்ரைகுளோர் மாத்திரை போடற குளம் எல்லாத்துலயும் இது சேர்ந்துகிட்டே வரும். வெயில்ல குளோரின் அழியாம காப்பாத்தும், ஆனா வேகத்தையும் மட்டுப்படுத்திடும். இது எவ்வளவு இருக்கோ, அதுல ஏறக்குறைய 40 சதவீதம் குளோரின் வெச்சாதான் பாசி சாகும். எங்ககிட்ட 40 பி.பி.எம். இருந்துச்சு, அப்போ குளோரின் 16 வேணும். 1.5 லட்சம் லிட்டருக்கு 1 பி.பி.எம்.னா 150 கிராம் சுத்தமான குளோரின். 65 சதவீத குருணையில கணக்குப் பண்ணினா 16-க்கு சுமார் 3.7 கிலோ. ஒரு தடவை கொட்டிட்டுப் போயிடக் கூடாது. பாசி அதைத் தின்னுகிட்டே இருக்கும், நாம ஊட்டிகிட்டே இருக்கணும். கூடவே சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. ட்ரைகுளோரையும் இந்தக் குருணையையும் ஒரே வாளியில, ஒரே கரண்டியில கூடப் புழங்காதீங்க, தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தா விஷவாயு. எதைக் கரைச்சாலும் தண்ணியில மருந்தைப் போடணும், மருந்து மேல தண்ணியை ஊத்தக் கூடாது.

மூணாம் நாள் பச்சை போச்சு. ராத்திரி இருட்டினப்புறம் ஒரு தடவை, விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை குளோரின் அளந்தோம். வெயில் இல்லாத நேரத்துல 1 பி.பி.எம்.முக்கு மேல குறைஞ்சா பாசி இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். குறையலை. எல்லாம் செத்தாச்சு. பால் வந்தாச்சு.

ஞாயித்துக்கிழமையும் வந்தாச்சு. தலைவர் நிஜமாவே நல்ல மனுஷன், ஆனா கீழ இருபது அம்மா அப்பா நச்சரிக்கறாங்க. "சார், குளோரின்தான் நிறைய இருக்கே, ரெண்டு நாள்ல அது இறங்கினதும் விட்டுடலாமே"ன்னார். நான் ஒரு வெள்ளை மெலமைன் தட்டுல கல்லை வெச்சுக் கட்டி, கயித்துல அடிக்கு ஒரு முடிச்சு போட்டுத் தண்ணியில இறக்கினேன். மூணாவது முடிச்சுல தட்டு காணாமப் போச்சு. "சார், உங்க பேத்தி அஞ்சரை அடியில படுத்திருந்தா எப்படித் தெரியும்?"னு கேட்டேன். கொஞ்சம் கடுமைதான். அவர் ஒண்ணும் பேசலை. கேட்ல பூட்டு அப்படியே தொங்கட்டும்னுட்டுப் போனார்.

(தட்டு என் கண்டுபிடிப்பு இல்லைங்க. 1865-ல இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி கடல்ல வட்டத் தட்டை இறக்கி அளந்தது. நம்ம வீட்டுல இருந்தது மெலமைன், அவ்வளவுதான் :-) )

எங்க மோட்டார் மணிக்கு 25,000 லிட்டர் தள்ளும். ஆறு மணி நேரத்துல மொத்தத் தண்ணியும் ஃபில்டர் வழியா போயிடும்னு தோணும். போகாது. வடிகட்டின தண்ணி கலங்கலோடயே திரும்பக் கலக்குது இல்லையா? ஒரு சுத்துல 63 சதவீதம்தான் ஃபில்டரைப் பார்த்திருக்கும். ரெண்டு சுத்துல 86, மூணுல 95, நாலுல 98. ஆக முழுசா ஒரு நாள் ஓடணும். ஓட்டினோம். பிரஷர் மீட்டர் வழக்கத்தை விட 8-10 பி.எஸ்.ஐ. ஏறும்போதெல்லாம் பேக்வாஷ். ரெண்டு நாள் கழிச்சும் தட்டு அதே மூணாவது முடிச்சு. காரணம் இதுதான்: மணல் ஃபில்டர் 20-லேர்ந்து 40 மைக்ரான் வரைக்கும்தான் நல்லா பிடிக்கும். செத்த பாசித் தூள் அதைவிடப் பொடிசு, உள்ளே போய் சாவகாசமா வெளியே வந்துடும்.

அப்பதான் குளத்தைப் பாத்துக்கற அண்ணன் வாயைத் தொறந்தார். "சார், எங்க ஊர்ல ஏரித் தண்ணி கலங்கினா ஆயா குடத்துல படிகாரத்தை ரெண்டு சுத்து சுத்தும். காலையில கண்ணாடி மாதிரி இருக்கும். இது பெரிய குடம், அவ்ளோதானே?"

அவ்ளோதான்! அந்தத் தூள் எல்லாத்துக்கும் மேல ஒரே மாதிரி மின்னேற்றம், அதனால ஒண்ணையொண்ணு தள்ளிகிட்டு மிதக்குது. படிகாரத்துல இருக்கற அலுமினியம் அந்தச் சண்டையைத் தீர்த்து, பஞ்சு மாதிரி திரட்டிக் கீழே இறக்கும். ஆயிரம் லிட்டருக்கு 50 கிராம்னு கணக்குப் போட்டு ஏழரை கிலோ கரைச்சுச் சுத்தியும் ஊத்தினோம். ஒரு மணி நேரம் ஃபில்டரைத் தவிர்த்து மோட்டாரைச் சுத்தவிட்டு, அப்புறம் நிறுத்திட்டோம். ராத்திரி முழுக்க யாரும் தண்ணியைத் தொடலை.

காலையில அடியில சாம்பல் நிறத்துல போர்வை. மேல தண்ணி கண்ணாடி. அண்ணன் வேக்யூம் பைப்பைத் தூங்கற குழந்தை மேல போர்வையை எடுக்கற மாதிரி நகர்த்தினார். வால்வு 'வேஸ்ட்'ல இருக்கணும், ஃபில்டருக்குள்ள விட்டா எல்லாம் வீண். அரை மணி நேரம், போன தண்ணி 12,000 லிட்டர். பதிமூணு லாரிக்குப் பதிலா ஒரே லாரி. படிகாரம் காரத்தன்மையைத் தின்னுடும்ங்கறதால சமையல் சோடா கொஞ்சம் சேர்த்து பி.எச்.சைச் சரி பண்ணினோம். தட்டு தரை வரைக்கும் தெரிஞ்சுது. தட்டுல இருந்த பூ டிசைன் கூட. குளோரின் 3-க்கு இறங்கினதும் பூட்டைத் திறந்தோம்.

2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல டைவிங் குளம் பச்சையானதைப் பார்த்திருப்பீங்க. யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊத்தி, அது குளோரினை முறிச்சுடுச்சு. பக்கத்துக் குளமும் கெட்டுது. அதுல நீருக்குள்ள ஒருத்தரையொருத்தர் பார்த்து ஆடற ஒத்திசை நீச்சல் போட்டி நடக்கணும், நாள் இல்லை. சுமார் 37 லட்சம் லிட்டரை வெளியே விட்டு, பயிற்சிக் குளத்துத் தண்ணியை நிரப்பினாங்க. ஜோலார்பேட்டை ரயில் கணக்குல ஒன்றரை ரயில்! அவங்களுக்கு வேற வழி இல்லை. நமக்கு ஒரு வாரம் பொறுக்க முடியும்.

இப்போ எங்க குளத்துல புது விதி: காலையில தட்டு இறக்கி, தரையில பூ தெரியலைன்னா அன்னிக்கு லீவு. குளோரின் அளவெல்லாம் அதுக்கப்புறம்தான்.

ஒண்ணு கேக்கணும். கிராமத்துல படிகாரத்துக்கு முன்னாடி தேத்தாங்கொட்டையைத்தான் பானை உள்பக்கம் உரசுவாங்க, அதுவும் இதே மாதிரி தூளைத் திரட்டிப் படிய வைக்கும். தேற்றறதுன்னாலே தெளிய வைக்கறதுதானே, மரத்துக்குப் பேரே அதுலேர்ந்துதான். உங்க ஊர்ப் பக்கம் இன்னும் அந்த மரம் நிக்குதா? யார் வீட்டுப் பானையிலயாவது இன்னும் உரசறாங்களா? தெரிஞ்சா சொல்லுங்க, அண்ணன் ஒரு கை கொட்டை கேட்டிருக்கார். குளத்துக்கு இல்லையாம், வீட்டுக் குடத்துக்கு.