சேஷராயர் மண்டபத்துக் குதிரை

சதுரங்கத்தை லினோ அச்சில் (லினோலியத் தகட்டில் செதுக்கி எடுக்கும் அச்சில்) செய்ய விரும்பும் மாணவர்கள் முதலில் வரைந்து காட்டுவது அநேகமாக ஒரே குதிரைதான். வளைந்த கழுத்து, அதற்குக் கீழே வட்டப் பீடம். 1849இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஸ்டான்டன் காய்களின் குதிரை அது. ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பக் குதிரைகளின் சாயலில் உருவானது என்பார்கள். அந்த ஊர்க் கோயில் குதிரை காயாகலாம் என்றால் நம் ஊர்க் குதிரைக்கு என்ன குறை? திருச்சிப் பிள்ளைகள் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும். உளியைக் கொடுப்பதற்கு முன் அவர்களை ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்துக்கு அனுப்பிவிடுவேன்.

அங்கே குதிரைகள் பின்னங்காலில் எழும்பி நிற்கின்றன. மேலே வீரன், அடியில் ஈட்டிக்கு இலக்கான விலங்கு, காலாட்கள், எல்லாம் தூணோடு தூணாக. மற்றக் காய்களைத் தாண்டிக் குதிக்கும் ஒரே காய்க்கு இதைவிடப் பொருத்தமான உருவம் ஏது!

லினோவில் செதுக்கி எடுத்த இடம் தாளில் வெள்ளை; விட்ட இடம் கறுப்பு. வெள்ளைக் கட்டத்தில் நிற்கும் வெள்ளைக் குதிரைக்கு உடம்பே இருக்காது. மயிரிழை விளிம்பை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் எடுக்க வேண்டும். கறுப்புக் கட்டத்துக் கறுப்புக் குதிரைக்கோ விளிம்பை மட்டும் எடுக்க வேண்டும். கைநடுக்கம் தெரியும் இடம் இதுதான்.

அச்சில் இடம் வலமாகும். மரமோ மலையோ என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். சதுரங்கப் பலகை உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆடுபவரின் வலது மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். நேராகச் செதுக்கினால் தாளில் அந்த மூலை கறுத்து, ராஜாவும் ராணியும் இடம் மாறி நிற்பார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்திய மாநிலம் இது. பார்க்க வருபவர்களில் ஆடத் தெரிந்தவர்கள் நிறைய. அதனால் டிரேசிங் தாளில் வரைந்து, திருப்பிப் போட்டுத்தான் லினோவில் ஏற்றச் சொல்வேன்.

திருச்சி வெயில் இதில் பாதி நண்பன். லினோவைக் கொஞ்சம் வெயிலில் வைத்தால் இளகி, உளி தடையில்லாமல் ஓடும். அதே வெயில் மையையும் இளக்கிப் பிடரியின் நுண்கோடுகளை அடைத்துவிடும். அப்போது மெக்னீசியம் கார்பனேட் பொடியைச் சிறிது கலந்து மையை இறுக்குவோம். ரோலரின் சத்தத்தைக் கேட்டே பதம் சொல்லலாம்: சளசளவென்றால் மை அதிகம், மெல்லிய 'ஸ்ஸ்' என்றால் சரி.

மூலைக் காயை யானை என்றுதான் இங்கே பழக்கம். இந்த முறை ஒரு மாணவி அதைத் தேராகச் செதுக்குகிறாள். பழைய நால்வகைப் படையில் தேரும் உண்டு. நேர்கோட்டில் மட்டுமே ஓடும் காய்க்கு ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர் கச்சிதம். வீதி முனையில் அதைத் திருப்ப எத்தனை பேர் பாடுபடுகிறார்கள்! சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டையையும் விடாமல் செதுக்கச் சொல்லியிருக்கிறேன்.