விலாசம்: ஹெந்தளை

"கம்பஸில என்ன செய்றீங்க?"

"சோசியோலொஜி, அன்டி."

"ஓ..." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "அதைப் படிச்சா என்ன வேலை எடுக்கலாம் மகள்?"

எங்கள் மூன்று பேருக்கும் இது பழகிவிட்டது. கலைப்பீடம் என்றாலே பாதி முகம் சுருங்கும். சமூகவியல் என்றால் மீதியும் சுருங்கும். நாங்களும் பதிலைப் பாடமாக்கி வைத்திருக்கிறோம்: டீச்சர், அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவைகள் உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், என்.ஜி.ஓ., கம்பனியில் எச்.ஆர்., கெட்டிக்காரர் என்றால் நிர்வாக சேவைப் பரீட்சை. பட்டியலில் பொய் இல்லை. ஆனால் 2020இல் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுக்க அரசாங்கம் முடிவெடுத்தபோது, மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் போன சீனியர் அக்கா ஒருவர் சொன்னதையும் மறக்கவில்லை. "நாலு வருஷம் என்ன படிச்சேன்டு ஒருத்தரும் கேக்கல்ல. போட்டோகொப்பி எடுக்கத்தான் சொன்னாங்க."

அதற்குப் பிறகும் ஏன் இதிலேயே இருக்கிறோம்? காரணம் ஒரு லெக்சர்.

இரண்டாம் வருடம். எர்விங் கொஃப்மன் 1963இல் எழுதிய 'ஸ்டிக்மா' பற்றிய பாடம். ஒரு மனிதரிடம் உள்ள ஏதோ ஒன்றைச் சமூகம் களங்கமாக்குகிறது, அவர் அதை மறைத்து மறைத்தே வாழப் பழகுகிறார் என்று போய்க்கொண்டிருந்தது. இடையில் லெக்சரர் சும்மா கேட்டார்: "உங்கட ஊர்ப் பேரை மாத்திச் சொன்னவங்க யாரும் இருக்கிறீங்களா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களுக்கு ஊர் ஹெந்தளை. வெளியே கேட்டால் வத்தளை. வீட்டில் யாரும் இப்படிச் சொல் என்று சொல்லித் தரவில்லை, தானாகவே வந்தது.

ஹெந்தளை என்றால் அம்மம்மாக்களுக்கு குஷ்டரோக ஆஸ்பத்திரி. ஒல்லாந்தர் 1708இல் கட்டியது. 1901இல் வந்த கட்டளைச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க இடங்கொடுத்தது. இலங்கைக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது 1983இல். இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆறு மாதமோ ஒரு வருடமோ குடித்தால் குணமாகும். மருந்து தொடங்கினால் மற்றவருக்குத் தொற்றுகிற பயமும் போய்விடும். அம்மம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்னோம். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, ஆனா அந்தப் பக்கம் போகாதீங்க" என்றார்.

களவேலைக்கு அதையே எடுத்தோம். ஆஸ்பத்திரிக்குள் போகவில்லை, எங்கள் ஒழுங்கையிலேயே கதைத்தோம். எழுபது வயது தாண்டிய ஒரு அங்கிள், தங்கச்சியின் கல்யாணப் பேச்சில் ஊர்ப் பேரை மறைத்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரெக்கோர்ட் பண்ணாதீங்க பிள்ளைகள்" என்றார். நிறுத்தினோம். மெதடொலொஜி புத்தகத்தில் படித்த 'ஒப்புதல்' அன்றைக்குத்தான் விளங்கியது.

இலங்கையில் இன்னும் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் புதிய நோயாளர்கள் பதிவாவதுண்டு. தேமல் மாதிரி ஒரு தடம், தொட்டால் உணர்ச்சி இருக்காது. வெட்கத்தில் மறைக்க மறைக்க உள்ளே நரம்பு பழுதாகிறது. மாத்திரை இருக்கிறது, ஆனால் மறைப்பவர் கிளினிக்குக்கு வரமாட்டார். யாராவது கதவைத் தட்ட வேண்டும், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் கதைக்கத் தெரிய வேண்டும், எந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்றும் தெரிய வேண்டும். அன்டிக்கு நாங்கள் சொல்ல நினைக்கும் வேலை இதுதான். சுகாதாரத் திட்டங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் இந்த மாதிரி வேலைகள் இருக்கின்றன. நிறைய இல்லை, பெரும்பாலும் கொன்ட்ராக்ட். சம்பளத்தை அன்டி கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம்.

போன கிழமை மூன்று பேரும் சேர்ந்து சி.வி. அடித்தோம். விலாசம் வந்த இடத்தில் கை நின்றது. இரண்டு பேர் ஹெந்தளை என்று போட்டோம். மற்றவளுக்கு அடுத்த நாள் இன்டர்வியூ, வீட்டில் அவளுடைய சம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். வத்தளை என்று அடித்தாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.