அண்ணாச்சி அச்சகத்துப் பழைய கணினி

திங்கள்

காலையிலேயே பாளையங்கோட்டை அச்சகத்து அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, பழைய பெட்டி எழும்ப மாட்டேங்கு. தலபுராணம் மறுபதிப்பு வேணும்னு கோயில்லேருந்து ஆள் வந்து உக்காந்திருக்காங்க."

போய்த் திறந்து பார்த்தேன். மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன, ஒன்றிரண்டு கசிந்தும்விட்டன. ஹார்ட் டிஸ்க் 'கட் கட்' என்கிறது. இரண்டுக்கும் கும்பிடு போட்டாயிற்று. கையில் இருப்பது, பெட்டி நன்றாக ஓடிய நாளில் குளோன்ஜில்லாவில் எடுத்துவைத்த முழு டிஸ்க் இமேஜ்.

நல்லவேளை, கோப்புகளை மட்டும் காப்பி செய்து வைக்கவில்லை. புத்தகம் பேஜ்மேக்கரில் கிடக்கிறது. 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. எழுத்துரு யூனிகோடு இல்லை, பாமினி வகை. அது இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கிலச் சின்ன எழுத்துகளாகவும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. பேஜ்மேக்கர், எழுத்துரு, தட்டச்சு மென்பொருள் எல்லாம் சேர்ந்த அந்தக் கணினியே முழுசாக வேண்டும்.

செவ்வாய்

மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ். அதற்குள் புதிதாக ஒரு விர்ச்சுவல் மெஷின்.

குளோன்ஜில்லாவிடம் எனக்குப் பிடித்தது: இமேஜோடு கூடவே கணினியின் வன்பொருள் பட்டியலையும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக எழுதிவைக்கிறது. செத்துப்போன பெட்டியின் ஜாதகம். படித்தேன்: இண்டெல் சிப்செட், ஐடிஇ டிஸ்க், 80 ஜிபி (கடைக்காரர் கணக்கு, விண்டோஸ் அதை 74.5 என்றுதான் காட்டும்). இமேஜில் டேட்டா உள்ள இடம் மட்டுமே பதிவாகியிருக்கும் என்றாலும், திருப்பி இறக்கும் டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 80 என்றே கொடுத்தேன். நிரம்ப நிரம்ப வளரும் வகை, அதனால் மடிக்கணினியில் இடம் அடைபடாது.

பெட்டியில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பியிடம் சாட்டாவுக்கான ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது. டிஸ்க்கை ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டினேன். நெட்வொர்க்கைத் துண்டித்தேன், மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு கைகழுவிய சிஸ்டத்துக்கு இணையம் எதற்கு?

குளோன்ஜில்லா ஐஎஸ்ஓவில் பூட் செய்து ரீஸ்டோர் கொடுத்தேன். டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று இரண்டு முறை கேட்கும். கேட்டது. ராத்திரி சாப்பிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. ரீஸ்டார்ட். விண்டோஸ் லோகோ வந்தது, அடுத்த நொடி நீலத்திரை. ஸ்டாப் எண் 7பி.

புதன்

இந்த 7பியைப் பார்த்ததும் "பேக்கப் கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டி இமேஜையே அழித்தவர்கள் உண்டு. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தான் பழகிய ஐடிஇ சிப்புக்கான டிரைவரைத்தான் எக்ஸ்பி பூட்டின் தொடக்கத்தில் ஏற்றும். விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுவதோ பிஐஐஎக்ஸ்4 என்ற வேறொரு சிப். டிஸ்க் எதிரிலேயே இருந்தும் விண்டோஸால் அதைத் தொட முடியவில்லை.

வைத்தியம் ரிப்பேர் இன்ஸ்டால். முதலில் ஒரு ஸ்னாப்ஷாட். சொதப்பினால் இந்த இடத்துக்கே திரும்பிவிடலாம். நிஜப் பெட்டியில் கிடைக்காத வசதி இது. எக்ஸ்பி சிடியில் பூட். முதல் திரையில் வரும் 'ஆர்' ரெக்கவரி கன்சோலுக்குப் போகும், அதைத் தொடக் கூடாது. எண்டர், பிறகு ஒப்பந்தத்துக்கு எஃப்8. பழைய விண்டோஸைக் கண்டுபிடித்துக் காட்டும் அடுத்த திரையில்தான் 'ஆர்' அழுத்த வேண்டும். சிடியும் எஸ்பி3, டிஸ்க்கில் இருந்ததும் எஸ்பி3. வன்பொருளை முதலிலிருந்து தேடி அடையாளம் கண்டுகொண்டது.

மதியம் டெஸ்க்டாப் வந்தது, அண்ணாச்சியின் பிள்ளையார் வால்பேப்பரோடு. ஆக்டிவேஷன் கேட்கவில்லை. அந்தக் காலத்து அச்சகங்களுக்கு எக்ஸ்பி எந்த வழியாக வந்தது என்பதை நான் துருவவில்லை.

வியாழன்

தட்டச்சு மென்பொருளின் யுஎஸ்பி டாங்கிளை விர்ச்சுவல் மெஷினுக்குத் திருப்பிவிட்டேன், ஏற்றுக்கொண்டது. தலபுராணம் திறந்தது. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கொம்பு, கால், புள்ளி எல்லாம் அங்கங்க நிக்குது" என்றார். போஸ்ட்ஸ்கிரிப்டாக அடித்து, பிடிஎப் ஆக்கி, கோயில்காரரிடம் கொடுத்தாயிற்று.

எக்ஸ்பி பெட்டியில் இன்னும் தொழில் ஓட்டும் அச்சகக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பெட்டி உயிரோடு இருக்கும்போதே மெர்ஜ்ஐடிஇ என்ற சிறு ரெஜிஸ்ட்ரி பேட்சைப் போட்டுவிட்டு இமேஜ் எடுங்கள். இந்த 7பி பெரும்பாலும் வராது. எடுத்த வாரமே ஒரு விர்ச்சுவல் மெஷினில் இறக்கி, ஒரு பக்கமாவது திறந்து பார்த்துவிடுங்கள்.