மீனுக்குள் புழு: சில குறிப்புகள்

செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், கண் மங்கியிருக்கிறதா என்று பார்க்கிறோம், சதையை விரலால் அழுத்துகிறோம். இந்தச் சோதனை எல்லாம் மீன் செத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதற்குத்தான். உள்ளே புழு உண்டா என்பதற்கு அதில் பதில் இல்லை. சொல்லப்போனால், புத்தம்புது கடல்மீனில்தான் புழுவும் உயிரோடு இருக்கும்.

*

அனிசாகிஸ். வெள்ளை நிறம், இரண்டு மூன்று சென்டிமீட்டர், சுருண்டு கிடக்கும். திமிங்கலம், டால்பின் வயிற்றில் முட்டையிடும். அந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழுவைக் கூனி போன்ற சிற்றுயிர் தின்னும், அதை மீனும் கணவாயும் தின்னும், மீனை மறுபடி திமிங்கலம் தின்னும். மனிதன் இந்தக் கணக்கிலேயே இல்லை. பச்சை மீனோடு வழிதவறி நம் இரைப்பைக்கு வந்த புழு அதன் சுவரைத் துளைக்கப் பார்க்கும். சில மணி நேரத்தில் தாங்கமுடியாத வலி. எண்டோஸ்கோப்பி செய்து, சின்ன இடுக்கியால் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறார்கள். ஜப்பானிய மருத்துவர்களுக்கு இது பழகிய வேலை.

*

நெதர்லாந்துக்காரர்கள் லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து அப்படியே தின்பார்கள். காலங்காலமாகத் தின்றவர்களுக்கு 1950களில் மட்டும் ஏன் வயிற்றுவலி வந்தது? முன்பு பிடித்த கையோடு கடலிலேயே குடலை எடுத்து உப்பில் போட்டார்கள். பிறகு குடலோடு ஐஸில் அடுக்கிக் கரைக்குக் கொண்டுவரும் பழக்கம் வந்தது. குடலைச் சுற்றிக் கிடந்த புழு, மீன் செத்தபின் சதைக்குள் ஏறிக்கொண்டது. வசதிக்காகச் செய்த மாற்றம்!

1960இல் வான் தீல் என்ற ஆய்வாளரும் சகாக்களும் புழுவையும் நோயையும் முடிச்சுப் போட்டுக் காட்டினார்கள். 1968இல் சட்டம் வந்தது: மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாளாவது உறையவைத்த ஹெர்ரிங்கைத்தான் பச்சையாக விற்கலாம். நோய் அநேகமாக ஒழிந்தது. ஹெர்ரிங் தின்பதை யாரும் விடவில்லை. இதைவிட நல்ல உணவுச் சட்டம் எனக்குத் தெரியாது.

*

ஜெர்மனியில் நேர்மாறு. 1987இல் ‘மானிட்டர்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி மீனில் நெளியும் புழுவைக் காட்டியது. மீன் வியாபாரம் படுத்துவிட்டது. வறுத்தும் வேகவைத்தும் தின்கிறவர்கள்கூட வாங்கவில்லை. அவர்களுக்கு என்ன பயமோ.

வெளிச்ச மேசைமேல் மீன்துண்டை வைத்துப் புழுவைத் தேடுகிற முறை ஒன்று உண்டு. வெள்ளைச் சதையில், துண்டு மெல்லியதாக இருந்தால், நிழல் தெரியும். கானாங்கெளுத்தி மாதிரிக் கறுத்த சதையில் நிறையத் தப்பிவிடும்.

*

ஜப்பானியர்கள் தங்கள் பசிபிக் சால்மனைப் பொதுவாகப் பச்சையாகத் தின்றதில்லை. புழு உண்டென்று தெரியும், சுட்டுத்தான் தின்பார்கள். 1980களில் விற்காத சால்மனோடு வந்த நார்வேக்காரர்கள், ‘எங்களுடையது பண்ணை மீன், தீவனம் தின்று வளர்ந்தது, புழு ஏறாது’ என்று பல வருடம் மன்றாடித்தான் பச்சை மீன் வைக்கும் சுஷித் தட்டில் இடம் பிடித்தார்கள். இன்று உலகமெங்கும் சுஷி என்றாலே சால்மன். ஐரோப்பிய விதிகளும் இப்படித் தீவனத்தில் வளர்ந்த மீனுக்கு உறையவைப்பதிலிருந்து விலக்கு அளிக்கின்றன. காட்டுச் சால்மனுக்கு அந்தச் சலுகை இல்லை.

*

எலுமிச்சை, வினிகர், சோயா சாஸ், கண்ணில் நீர் வரவைக்கும் வசாபி: எதற்கும் புழு அசராது. வினிகரில் ஊறிய நெத்திலி ஸ்பெயினில் பிரியமான தீனி. 2006 முதல் அங்கே உணவகங்கள் அதை உறையவைத்தே தரவேண்டும். ‘சுஷி கிரேடு’ என்று எழுதி ஒட்டுகிறார்களே, அமெரிக்காவில் அதற்குச் சட்ட வரையறையே கிடையாது.

உறையவைப்பதற்கு அமெரிக்கக் கணக்கு: மைனஸ் 20இல் 7 நாள், அல்லது கெட்டியாக உறைந்தபின் மைனஸ் 35இல் 15 மணி நேரம். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18ஐ ஒட்டித்தான் நிற்கும், அதை நம்பிப் பச்சை மீன் வேண்டாம். சமைப்பதென்றால் துண்டின் நடுப்பகுதி 63 டிகிரி தொடவேண்டும். கொதிக்கிற மீன்குழம்புக்கு இது ஒரு விஷயமே இல்லை. தடித்த துண்டை அவசரமாக வறுத்தால்தான் நடுவில் சந்தேகம்.

குளிர் புழுவைத்தான் கொல்லும். பாக்டீரியாவில் பல பிழைத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் 2015இல் பச்சை நன்னீர் மீன் தின்றவர்களை வீழ்த்தியது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா. உடனடியாக உண்ணும் பச்சை உணவில் நன்னீர் மீனையே அந்த அரசு தடை செய்தது. இன்னொன்று: அனிசாகிஸ் ஒவ்வாமை வந்துவிட்டவர்களில் சிலருக்குச் செத்த புழுவும் ஆகாது.

*

சென்னையிலும் சுஷி கிடைக்கிறது. மீன் பண்ணையில் வளர்ந்ததா, கடலில் பிடித்ததா, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் உறைந்தது என்று கேளுங்கள். ‘இன்றைக்கு வந்த ஃப்ரெஷ் மீன் சார்’ என்று மட்டும் பதில் வந்தால், வேகவைத்த எதையாவது ஆர்டர் செய்யுங்கள்.