தண்ணீரில் ஓடுமா கார்?

பெற்றோல் கிடைக்கும் காலத்தில் மனிதன் தண்ணீரைக் குடிக்கிறான். பெற்றோல் கிடைக்காத காலத்திலோ அதனை உற்றுப் பார்க்கிறான். இதற்குள்ளே ஏதேனும் ஒளிந்திருக்குமோ என்ற ஐயம் அப்பொழுதுதான் அவனுக்குப் பிறக்கிறது. அந்த ஐயம் முற்றிலும் வீணானதன்று. தண்ணீரினுள்ளே ஐதரசன் உண்டு. ஐதரசன் நன்றாக எரியும் வாயு. நிறைக்கு நிறை பார்த்தால், அது தரும் வெப்பம் பெற்றோல் தருவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகும். பாடசாலைப் புத்தகத்திலுள்ள இவ்வளவும் உண்மை. இந்த உண்மைகளைத் துணைக்கொண்டு புறப்படும் ஒருவன் எந்தச் சந்தியில் வழி தவறுகிறான் என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

எமது ஊராகிய கட்டைபறிச்சான் மூதூரை அடுத்துள்ளது. திருகோணமலைப் பட்டினம் எமக்குக் கொட்டியாரக் குடாவின் அக்கரையில் இருக்கிறது. முன்னாளில் அங்கே போவதானால் கடல்வழியே வள்ளத்திலும் லாஞ்சியிலும் செல்லவேண்டும். தரைவழியே செல்வோருக்கோ துறைதோறும் படகுப் பாதைக்குக் காத்திருக்கும் தொல்லை. 2009 ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலமும், அதன்பின் வழியிலுள்ள மற்றைய பாலங்களும் திறக்கப்பட்டபோது அத்தொல்லை தீர்ந்தது. அன்றுமுதல் எம்மவர்க்கு மோட்டார் வண்டியே கால்களாயிற்று. மீன் போவதும், மரக்கறி வருவதும், நோயாளி வைத்தியசாலைக்குச் செல்வதும் அதனாலேதான்.

அந்தக் கால்கள் 2022 ஆம் ஆண்டில் மரத்துப் போயின. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாவாக உயர்ந்தது. மறுநாளே, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி மற்றையோர்க்கு எரிபொருள் இல்லையென அறிவித்தார்கள். பின்பு பங்கீட்டு முறை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. குடாவுக்கு அப்பால், சீனன்குடாவில், பிரித்தானியர் விட்டுச் சென்ற 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். அவ்வளவு பெரிய களஞ்சியத்துக்கு எதிர்க்கரையில் நின்றுதான் நாம் நாலு லீற்றருக்கு வரிசை பிடித்தோம். பானை பக்கத்தில் இருந்தென்ன? உள்ளே சோறு வேண்டுமே!

அந்நாளில்தான் எமது அயலிலே, உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் ஒரு மாணவன், தன் தந்தையாரின் பழைய வானுக்கென ஒரு சாதனம் செய்தான். அகன்ற வாயுள்ள ஒரு போத்தல். அதனுள்ளே துருப்பிடிக்காத உருக்குத் தகடுகள். தண்ணீரிற் சிறிது கோஸ்டிக் சோடா. பற்றரியிலிருந்து இரண்டு கம்பிகள். போத்தலின் மூடியிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய்க்கு ஓர் இறப்பர்க் குழாய். கம்பியை இணைத்தவுடன் தகடுகளில் நுரை நுரையாக வாயு கிளம்பிற்று. பார்க்க மிக அழகாகவே இருந்தது.

"மாமா, இந்த வாயு பெற்றோலோடு சேர்ந்து எரிந்தால், பெற்றோல் பாதி போதுமாம்" என்றான் பையன்.

ஆக்கத்தில் அவனுக்கிருந்த ஊக்கத்தை நாம் மெச்சினோம். ஆயினும், வீட்டினுள்ளே நடந்த பேச்சு எமக்குக் கவலை தந்தது. இதனிலும் பெரிய சாதனம் ஒன்றை விற்கும் வியாபாரி ஒருவர், அதனை வாங்கினால் சில மாதங்களிலேயே போட்ட பணம் திரும்பிவிடும் என்று தந்தையாருக்குச் சொல்லியிருந்தார். அதற்காகத் தாயாரின் காப்புச் சோடியை அடைவு வைக்க ஆயத்தமாகியிருந்தார்கள். ஆகவே, பையனை அழைத்துக் கொப்பியை விரிக்கச் சொன்னோம். அவன் கற்ற பௌதிகமும் இரசாயனமுமே அக்கணக்குக்குப் போதுமாயிருந்தன.

வாசகர்களும் எம்முடன் கணக்கிட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 10 அம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் போத்தலுக்குச் செல்கிறதென வைத்துக்கொள்வோம். அதன் சக்தி 432 கிலோயூல். ஆறு கலங்களைத் தொடராக இணைத்து, மிகத் திறமையாகவே செய்தாலும், பரடே கண்ட மின்பகுப்பு விதியின்படி அவ்வொரு மணி நேரத்திற் கிடைக்கும் ஐதரசன் இரண்டேகால் கிராம். அதனை எரித்தால் வரும் சக்தி ஏறக்குறைய 270 கிலோயூல். இதனைப் பெற்றோலாக மாற்றிச் சொன்னால் எட்டரை மில்லிலீற்றர். இரண்டு தேக்கரண்டியும் நிரம்பாது.

இனி, அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? பற்றரியிலிருந்து. பற்றரிக்கு? எஞ்சினோடு சுழலும் மின்பிறப்பாக்கியிலிருந்து. எஞ்சினுக்கு? பெற்றோலிலிருந்து! பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய காற்பங்கையே எஞ்சின் சுழற்சியாக மாற்றுகிறது. அச்சுழற்சியில் ஏறக்குறைய அரைப்பங்கே மின்சாரமாகிறது. ஆகவே, அந்த 432 கிலோயூலைப் பெற அதனைப்போல் எட்டு மடங்கு சக்தி வேண்டும். அது நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட பெற்றோல். நூறு கொடுத்து எட்டரை வாங்கும் வியாபாரம் இது. சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பார்கள். இங்கே சுமைகூலி அதனிலும் மேலாயிற்று.

பையன் எளிதில் விடவில்லை. "எப்படியும் மின்பிறப்பாக்கி சும்மா சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது, மாமா? அந்த மின்சாரம் இனாந்தானே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு விடை எமது ஊர்ச் சைக்கிளிலேயே இருக்கிறது. இரவிலே டைனமோவைச் சில்லோடு பொருத்தி விளக்கை எரியவிட்டவர்களுக்குத் தெரியும், மிதி எவ்வளவு கனக்கிறதென்று. விளக்கு எரிவது காலின் வலிமையால். மின்பிறப்பாக்கியும் அவ்வாறே, கூடுதலாக மின்சாரம் கேட்டால், அது கூடுதலாக எஞ்சினைப் பிடித்து இழுக்கும். எஞ்சின் கூடுதலாகப் பெற்றோல் குடிக்கும். இனாம் என்ற சொல் அந்த மூடிக்குக் கீழே எங்கும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் எளிய உண்மை உள்ளது. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஐதரசன். ஐதரசன் ஒட்சிசனோடு சேர்ந்து எரிந்தபின் எஞ்சுவது தண்ணீரே. அடுப்பில் விறகு எரிந்தபின் சாம்பல் எஞ்சுவது போல. சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளிவந்த சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்; வழியிற் சிந்துவதற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கடனைப் பெற்றோலே கொடுக்குமானால் மிச்சம் பிடிப்பது எங்ஙனம்? தண்ணீரைக் கடைந்தால் வெண்ணெய் வருமா என்று எமது முன்னோர் கேட்டது இதற்கும் பொருந்தும்.

ஐதரசன் சேர்ந்தால், பெற்றோல் குறைந்து காற்று மிகுந்த கலவையும் சீராக எரியும் என்பது ஆய்வுக்கூடங்களிற் கண்ட உண்மையே. ஆனால், அதற்கு வேண்டிய அளவு இப்போத்தல் தருவதைப்போற் பன்மடங்கு. மணிக்கு மூன்று லீற்றர் பெற்றோல் குடிக்கும் வானுக்கு எட்டரை மில்லிலீற்றர் என்பது முந்நூற்றில் ஒரு பங்கும் இல்லை.

"அப்படியானால், பொருத்தியவர்கள் பலன் கண்டதாகச் சொல்லுகிறார்களே?" என்று தந்தையார் கேட்டார். அவர்கள் எல்லாரும் பொய்யர் என்று நாம் சொல்லமாட்டோம். சாதனத்தைப் பொருத்துகிறவன் அன்றே காற்று வடிகட்டியைத் துடைக்கிறான். ரயருக்குக் காற்று நிரப்புகிறான். பலனைக் காணும் ஆவலில் மெதுவாக ஓட்டுகிறான். மிச்சம் வருவது உண்மை. அது வந்த வழி வேறு. ஆகவே ஒரு சோதனை வைத்தோம். சில நாட்கள் கம்பியை இணைத்தும், சில நாட்கள் இணைக்காமலும், எந்த நாள் எது என்பதைத் தந்தையாருக்குச் சொல்லாமலும், ஒரே பாதையில் ஒரே சுமையோடு வான் ஓடியது. ஒவ்வொரு நாளும் தாங்கியை விளிம்புவரை நிரப்பி அளவைக் குறித்தான் பையன். முடிவிற் கொப்பியைப் பார்த்துப் போத்தல் வேலை செய்த நாட்களைப் பிரித்தறிய எவராலும் முடியவில்லை. விரைந்து ஓட்டிய நாட்கள்தாம் தெளிவாகத் தெரிந்தன. காரணமும் உண்டு: மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 80 கிலோமீற்றருக்கு ஏறினால், காற்றின் தடை ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. காப்புச் சோடி தாயாரின் கையிலேயே தங்கிற்று.

இந்த ஆசை எமது ஊருக்கு மட்டும் உரியதன்று. 1996 ஆம் ஆண்டில் தமிழகத்தின் இராஜபாளையம் பக்கத்திலிருந்து, மூலிகையும் தண்ணீரும் சேர்த்துப் பெற்றோல் செய்ததாக இராமர் பிள்ளை என்பவர் அறிவித்தபோது இந்தியா முழுவதும் திரும்பிப் பார்த்தது. 2016 இல் சென்னை நீதிமன்றம் மோசடிக் குற்றத்துக்காக அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. அதே 1996 இல், தண்ணீரில் ஓடும் வண்டியைக் காட்டிப் பணம் திரட்டிய ஸ்ரான்லி மேயர் என்பவர் மோசடி செய்தாரென்று அமெரிக்காவின் ஓகாயோ மாநில நீதிமன்றம் கண்டு, முதலிட்டோரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கட்டளையிட்டது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட சாதனங்களை அந்நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் பரிசீலித்தது. குறிப்பிடத்தக்க அளவு மைலேஜைக் கூட்டியதாக எதனையும் அது காணவில்லை.

இதனால், கைவேலையும் மாற்றுவழியும் வீண் என்று எவரும் எண்ணவேண்டா. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தமிழகத்தில் பஸ் வண்டிகள் கரிவாயுவில் ஓடின. 1990 களில் பொருளாதாரத் தடையின்கீழ் இருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை மிகுந்தது, எஞ்சின் தேய்ந்தது, எனினும் வண்டி ஓடிற்று. ஏன்? கரியும் மண்ணெண்ணெயும் எரியாத பொருள்கள். இன்னும் எரியக்கூடிய பொருள்கள். அவர்கள் சாம்பலிலே நெருப்புத் தேடவில்லை.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும் இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. போத்தலில் எழுவது ஐதரசன் மட்டுமன்று. ஒட்சிசனும் உடன் எழுகிறது. எரிவதும் எரிவிப்பதும் சரியான விகிதத்திற் கலந்து ஒரே மூடிக்குக் கீழே நிற்கின்றன. ஒரு தீப்பொறி போதும். எஞ்சினிலிருந்து நெருப்பு குழாய்வழியே பின்னோக்கி வந்தாலும் போதும். போத்தல் வெடித்துச் சிதறும். கோஸ்டிக் சோடாக் கரைசல் கண்ணிற் பட்டாற் பார்வையே போகலாம். தொலைவிலுள்ள கிராமத்தில், வைத்தியசாலைக்குப் போகவும் பெற்றோல் இல்லாத நாளில், இவ்விபத்து நேர்ந்தால் என்னாகும்?

ஐதரசனுக்கும் ஒரு நல்ல காலம் உண்டு. சாம்பலை விறகாக்கும் சக்தியை வெளியிலிருந்து யாரேனும் கொடுத்தால் அது சிறந்த எரிபொருளே. எமக்கு அயலூராகிய சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையமொன்றின் வேலை 2025 ஏப்ரலில் தொடங்கி வைக்கப்பட்டது. அத்தகைய வெயில் மின்சாரம் நீரைப் பிரிக்குமாயின், கணக்கு நேராகும். அங்கே கடனைத் தீர்ப்பது சூரியன்.

பையனுக்கு நாம் சொன்னதும் அதுவே. போத்தலைக் கழற்றித் தகடுகளைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறான். கொப்பியை மட்டும் வானிலேயே விட்டிருக்கிறான். அவன் தந்தையார் இன்றும் பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் அதில் அளவைக் குறிக்கிறார். ரயரிற் காற்றுக் குறைந்தால் அந்தக் கொப்பி உடனே காட்டிக் கொடுத்துவிடுகிறதாம்.