பால்மரத்தின் பருவம்

மேனாட்டார் ஆண்டினை நான்கு பருவமாகப் பகுப்பர். நம் முன்னோர் கார் முதல் முதுவேனில் ஈறாக ஆறாகப் பகுத்தனர். மலேசிய மண்ணிலோ இவ்விரு கணக்கும் செல்லா. பனி உருகிப் பூ மலர்வதைக் கண்டு உயிர்த்தெழுதலை எண்ணி மகிழும் மேனாட்டு ஞானப்பாட்டுகளை இளமையில் நாமும் கோயிலிற் பாடியதுண்டு. பனியைக் கண்டறியாத நமக்கு அவை நெஞ்சில் தைத்ததில்லை.

நாம் கண்ட பருவம் ஒன்றே. அது ரப்பர் என்னும் பால்மரத்தின் பருவம். பிரேசில் நாட்டு வித்து கியூ தோட்டத்தில் முளைத்து, 1877-ஆம் ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தது. தாயகம் விட்டு வந்தும் அம்மரம் தன் வழக்கத்தை விட்டிலது. கெடா மாநிலத்தில் தை, மாசித் திங்களில் வறட்சி மிகும். அப்பொழுது இலைகள் மஞ்சளும் சிவப்புமாகி உதிரும். தோட்டம் முழுதும் வெறுங்கிளையாய் நிற்கும்.

காண்போர்க்கு அழகுதான், லயத்தில் வாழ்ந்தோர்க்கு அஃது அழகன்று. புதிய தளிர் விடுங்கால் மரம் பாலைச் சுருக்கிக்கொள்ளும். வாளியிற் பால் குறைந்தால் கூலி குறையும், கடைக்கடன் ஏறும். தவக்காலமும் அந்நாட்களையே ஒட்டி வரும். "சாமியார் நோன்பிருக்கச் சொல்கிறார், மரம் முன்பே சொல்லிவிட்டதே" என்று விபூதிப் புதனன்று நம் அன்னையார் சிரிப்பார்.

அத்தகைய ஒரு மாசியில் நம் தங்கை காய்ச்சலால் மாண்டாள். வயது நான்கு. மரநிரையின் கடைசியிலிருந்த இடுகாட்டில் அடக்கம் செய்தோம். புதுமண் தெரியாதபடி சருகு விழுந்து மூடிற்று.

பங்குனிக் கடைசியில் உயிர்த்த ஞாயிறு வந்தது. பூசை முடிந்து கல்லறைக்குச் சென்றோம். கிளையெல்லாம் செம்பு நிறத் தளிர். உடன் வந்த உபதேசியார் அதனைச் சுட்டி, "பாருங்கள் அம்மா, மரம் உயிர்த்துவிட்டது, பிள்ளையும் அப்படியே" என்றார். அன்னையார் நிமிர்ந்து பார்த்தார். "மரம் சாகவில்லையே, ஐயா" என்றார்.

அவ்விடை நம்மை நெடுங்காலம் வருத்திற்று. உண்மையும் அதுவே. உதிர்ந்த இலை கிளைக்கு மீள்வதில்லை; வருவது வேறோர் இலை. தளிரைக் காட்டி உயிர்த்தெழுதலை மெய்ப்பிக்க முயல்வோர் இழந்தார் துயரை அறியார் என்றே இன்றும் கருதுகின்றோம். கிறித்துவ நம்பிக்கை பருவத்தின் சுழற்சியன்று. ஒரு கல்லறை ஒருமுறை திறந்தது என்னும் செய்தியின்மேல் நிற்பது. அதற்கு மரம் சாட்சி சொல்லாது.

அன்னையார் நம்பிக்கை இழந்துவிட்டாரோ என்று அஞ்சினோம். மறு ஆண்டு முதற்றளிர் கண்ட அன்று, வேலை முடிந்த கையோடு துடைப்பம் எடுத்துக்கொண்டு அவர் கல்லறைக்குப் புறப்பட்டார். சருகு இனி விழாது என்பதனால் அந்நாளைத் தேர்ந்தார் போலும். எதற்கு என்றோம்.

"பிள்ளை எழும்பும்போது இடம் துப்புரவாக இருக்க வேண்டாமா?" என்றார்.

அவரும் இன்று அங்கேயே துயில்கின்றார். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டனர். செம்பனைக்கு இலையுதிர் காலம் இல்லை. ஆதலின் நாள்காட்டியைப் பார்த்தே பங்குனியில் துடைப்பம் எடுத்துச் செல்கின்றோம்.