தேய்ப்புக்குக் கூலி இல்லை

அலமாரிக்குப் பெயின்ட் அடிப்பதைப் பார்க்கத்தான் வேளச்சேரிக்குப் போனேன். காலையில் போய் மதியச் சாப்பாட்டு நேரம்வரை இருந்தும் பெயின்ட் டப்பாவை யாரும் திறக்கவில்லை. மேஸ்திரி கதவுகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் கீல் குழிக்குள்ளும் பென்சிலால் நம்பர் போட்டார். உதவிக்கு வந்த பையன் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தான். கைப்பிடியைச் சுற்றித் துடைத்த துணி மஞ்சளாக வந்தது, பல வருஷத்துக் கைப்பிசுக்கு. அதன்பின் ஸ்பிரிட் தொட்டு இன்னொரு துடைப்பு.

“எல்லாக் கதவும் ஒரே அளவுதானே அண்ணே, நம்பர் எதுக்கு?”

“பார்க்கத்தான் சார் ஒரே அளவு. மாத்தி மாட்டினா ஒண்ணு இடிக்கும், ஒண்ணு தொங்கும். அது அது இருந்த இடத்துக்கு அது அதுதான் போகணும்.”

அட்டைப்பெட்டியில் பலகைகளாக வந்து, வீட்டிலேயே திருகி நிறுத்திய அலமாரி அது. கறுப்பை ஒட்டிய பழுப்பு நிறம். வீட்டுக்கார அம்மாவுக்கு அந்த நிறம் சலித்துவிட்டது, வெளிர் பச்சை வேண்டும் என்கிறார். தூக்கிப்போடவும் மனமில்லை. தேக்கு என்றால் பழைய சாமான்காரர் வாசலில் நின்று விலை பேசுவார். இதைச் சும்மா கொடுத்தாலும் யோசிக்கிறார்.

உள்ளே இருப்பது பார்ட்டிக்கிள் போர்டு. மரச்சிராய்களை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் கலந்து சூட்டில் அழுத்திய பலகை. நம் நாட்டில் கரும்புச் சக்கையிலும் செய்கிறார்கள். பாகு பிடித்திருக்கும்வரைதான் பொரி உருண்டை உருண்டையாக இருக்கும், இதுவும் அப்படித்தான். அதன்மேல் மரவரி அச்சிட்ட காகிதம், மெலமைன் பிசினில் ஊறி, சூட்டோடு அழுத்தி ஒட்டப்பட்டிருக்கும். தச்சர்கள் கடையில் வாங்கி ஒட்டும் ஒரு எம்.எம். மைக்கா ஷீட்டைவிட இது மிக மெல்லியது. இறுகிய மெலமைனில் துளை கிடையாது. மரம் பெயின்ட்டைக் குடிக்கும், இது குடிக்காது. அப்படியே அடித்தால் பெயின்ட் மேலே சும்மா படுத்துக் கிடக்கும், நகம் பட்டால் ஏடு ஏடாக வரும்.

ஆகவே தேய்ப்பு. 220 நம்பர் உப்புத்தாளை நாலாக மடித்து, ஒரு சின்னக் கட்டையில் சுற்றிக் கையால் தேய்க்கிறார்கள். “ஷைன் போகணும், தோல் போகக்கூடாது” என்பதுதான் மேஸ்திரி பையனுக்குச் சொல்லும் ஒரே பாடம். பையில் சாண்டர் மிஷின் இருக்கிறது, ஆனால் அதை இதற்கு எடுப்பதில்லை. ஓரத்தில் ஒரு விநாடி அதிகம் நின்றால் காகிதம் கிழிந்து தூள் தெரிந்துவிடும். அங்கே தண்ணீர் கலக்கிற பிரைமர் பட்டால் பலகை உப்பிக்கொள்ளும், பிறகு எத்தனை கோட் அடித்தாலும் அமுங்காது. கதவை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, இன்னும் மினுங்குகிற இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தார். பையன் அந்த வட்டங்களை மட்டும் தேய்த்தான். திரும்பச் சாய்த்தார், திரும்ப வட்டங்கள்.

மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். மயிலாப்பூர் வீடுகளில் பிரெஞ்ச் பாலிஷ் வேலையில் தொழில் கற்றவர். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, தேக்கின்மேல் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் வேலை. அப்புறம் ஸ்ப்ரே கன் வந்தது, டூகோ என்கிற ஸ்ப்ரே பெயின்ட் வந்தது, பி.யு. என்கிற பாலியூரித்தேன் வந்தது. இப்போது பாதி வேலை மைக்காவின் மேல்தான். ஆனாலும் அரக்குப் பாட்டில் அவர் பையைவிட்டுப் போகவில்லை. கிழிந்த ஓரங்களில் முதலில் அதைத்தான் தொட்டு வைக்கிறார். அரக்கு வழவழப்பிலும் பிடிக்கும், அதன்மேல் அடுத்த பூச்சும் பிடிக்கும், பலகைக்குள் ஈரத்தையும் விடாது. ஜார்க்கண்டுக் காட்டில் மரக்கிளையில் ஒரு பூச்சி சுரந்து வைத்த பிசின் தேக்கு அச்சிட்ட காகிதத்துக்கு ஒட்டுப்போடுகிறது! அங்கே பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பிரைமரை நேரே முகப்பில் அடித்துவிடுவதில்லை. கதவின் பின்பக்கம் கையகலம் அடித்துவைத்து, மறுநாள் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செல்லோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தார். டேப் வெறுமனே வந்தது. பெயின்ட்டோடு வந்திருந்தால் மறுபடி உப்புத்தாள். பெயின்ட் ஆய்வுக்கூடங்களில் ஐ.எஸ்.ஓ. 2409 என்ற எண்ணில் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள்.

அவர் தொடாத வேலைகளும் உண்டு. அலமாரியின் கூட்டைப் பிரிக்கச் சொன்னால் மறுத்துவிடுவார். இந்த வகைச் சாமானே பிரிப்பதில் பிறந்ததுதான்: 1956-ல் அறைகலன் நிறுவனமான ஐகியாவின் ஊழியர் கில்லிஸ் லுண்ட்கிரென் காருக்குள் மேசை நுழையாததால் காலைக் கழற்றியதிலிருந்துதான் தங்கள் பிரித்து அடுக்கும் சாமான் வியாபாரம் தொடங்கியது என்று அந்த நிறுவனம் சொல்லும். ஆனால் பார்ட்டிக்கிள் போர்டில் ஒருமுறை கடித்த திருகைக் கழற்றி மறுபடி முடுக்கினால் பிடிப்பு குறைந்துவிடும். கீல் ஓட்டைக்கே தீக்குச்சியும் ஃபெவிக்காலும் வைத்து அடைத்துத்தான் திரும்ப மாட்டுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது, அடிப்பலகை ஊதிய அலமாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி நிறையப் பேர் கூப்பிட்டார்களாம். “காசு வாங்கிட்டுப் போயிடலாம் சார். உள்ள கூழாயிடுச்சு, அதுக்கு மேல என்ன அடிக்கிறது?”

இவ்வளவுக்கும் கூலி சதுர அடிக் கணக்கு. வாடிக்கையாளர் கேட்பது எத்தனை கோட், எந்தக் கம்பெனி என்ற இரண்டுதான். எஸ்டிமேட் தாளைப் பார்த்தேன்: பிரைமர், பெயின்ட், தின்னர், ஆள் கூலி. தேய்ப்புக்கு ஒரு வரிகூட இல்லை. தேய்க்காமலே அடிக்கிறவர் குறைந்த விலை சொல்லி வேலையைப் பிடித்துவிடுகிறார். சில மாதத்தில் உரிகிறது. மைக்கா மேல் பெயின்ட் நிற்காது என்று ஊரில் பேச்சாகிவிடுகிறது. நிற்காதது பெயின்ட்டின் குற்றம் இல்லை என்பதை அந்தச் சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்தவர் ஒப்புக்கொள்வார்.

தூசி இன்னொரு கவலை. பையன் முகத்தில் வெறும் கைக்குட்டைதான் கட்டியிருந்தான். மரத்தூசியையும் ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பி.யு. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கேட்டால், “முகமூடி போட்டா மூச்சு முட்டுது சார்” என்கிறான். மே மாத பால்கனியில் அவன் சொல்வதும் பொய் இல்லை.

வீட்டில் இந்த வேலை வைக்கப்போகிறவர்களுக்கு: எஸ்டிமேட்டில் தேய்ப்பைத் தனி வரியாக எழுதச் சொல்லி, அதற்கான கூலியைக் கொடுங்கள். தூசி முகமூடி நீங்களே வாங்கி வையுங்கள், தேய்க்கும் இடத்தில் ஒரு ஃபேனும் போட்டுக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள், ஈரக்காற்றில் காய்வது இழுத்துக்கொண்டே போகும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே துணிகளை அடுக்கிவிட வேண்டாம். எனாமல் உள்வரை இறுகச் சில வாரங்கள் பிடிக்கும்.